கருப்புக் கட்டியோடு பிறக்கும் பன்றிக்குட்டி... சில மாதங்களில் மறையும் புற்றுநோய்! தோல் கேன்சர் ஆய்வில் ‘மினி பன்றி’ ஏன் முக்கியம்?

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பன்றிக்குட்டி அது. முதுகில், விலாவில், காலில் என்று ஆங்காங்கே கருகருவென்று புடைப்புகள். பார்த்தால் மச்சம் மாதிரி இருக்கும். ஆனால் மச்சம் இல்லை. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். அடுத்த சில வாரங்களில் அந்தக் கட்டிகள் வளரும். சில குட்டிகளுக்கு நிணநீர்க் கணுக்கள், நுரையீரல் வரைக்கும் பரவவும் செய்யும்.

மனிதருக்கு இந்த நிலை வந்தால் குடும்பமே நிலைகுலைந்துவிடும். ஆனால் இந்தக் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நடப்பதே வேறு. சில மாதங்களில் கட்டியின் கருப்பு நிறம் வெளுக்கிறது. சாம்பல் நிறமாகிறது. சுருங்குகிறது. கடைசியில் ஒரு வெள்ளைத் தழும்பை மட்டும் விட்டுவிட்டு மறைந்துபோகிறது. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை, கதிர்வீச்சு சிகிச்சையும் இல்லை.

இது வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை இல்லை. செக் குடியரசில், தலைநகர் பிராகுக்கு வடக்கே இருக்கும் லிபெகோவ் என்ற சிற்றூரின் ஆய்வுப் பண்ணையில் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவரும் உண்மை. அமெரிக்காவிலும் இதேபோன்ற பன்றிகள் இருக்கின்றன.

இந்தப் பன்றிகளின் உடம்பு செய்வதை மனித உடம்பைச் செய்யவைக்க முடியுமா? தோல் புற்றுநோய் ஆய்வுக்கு எலி இருக்கும்போது பன்றி எதற்கு? அதற்காக ஒரு விலங்கை நோயோடு பிறக்கவைப்பது சரிதானா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெலனோமா என்றால் என்ன?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிப்பவை மெலனோசைட் என்ற செல்கள். இந்தச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் அதுதான் மெலனோமா.

தோல் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. எண்ணிக்கையில் மற்ற வகைகள்தான் அதிகம். ஆனால் உயிரைப் பறிப்பதில் மெலனோமாதான் ஆபத்தானது. காரணம், அது பரவும் வேகம். தோலில் கடுகளவு இருக்கும்போதே நிணநீர் வழியாகவும் ரத்தம் வழியாகவும் நுரையீரல், கல்லீரல், மூளை என்று போய்விடக்கூடியது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தரும் மதிப்பீட்டின்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3.3 லட்சம் பேருக்கு மெலனோமா புதிதாகக் கண்டறியப்பட்டது. 58,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் பாதிப்பு விகிதம் மிக அதிகம். வெளிர்நிறத் தோலும் கடுமையான வெயிலும் சேர்ந்ததுதான் அங்கே முக்கியக் காரணம்.

‘அப்படின்னா நமக்கு இது வராதா?’ என்று கேட்டால், அப்படிச் சொல்லிவிட முடியாது. கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா குறைவுதான். ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் என்று யாரும் கவனிக்காத இடங்களில் வருகிறது. ரெகே இசைக்கலைஞர் பாப் மார்லிக்கு வந்தது இந்த வகைதான். 1977-ல் கால் விரல் நகத்துக்கு அடியில் கண்டறியப்பட்டது. 1981-ல் அவர் இறந்தபோது வயது வெறும் 36.

மருந்துகள் இருக்கின்றன... ஆனால் போதவில்லை!

2010 வரைக்கும், உடம்பு முழுக்கப் பரவிவிட்ட மெலனோமாவுக்கு டாக்டர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மருந்தே இல்லை என்பதுதான் நிலைமை. 2011-க்குப் பிறகு அது மாறியது. கட்டியை நேரடியாகத் தாக்காமல், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் இம்யூனோதெரபி மருந்துகள் வந்தன. இதற்கு அடித்தளம் போட்ட அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இப்போதைய நிலவரம் என்ன? இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய சோதனையின் 10 ஆண்டு முடிவு 2024-ல் வெளியானது. முற்றிய மெலனோமா நோயாளிகளில் 43% பேர் 10 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஒரு காலத்தில் சில மாதங்களில் மரணம் என்றிருந்த நோய்க்கு இது பெரிய சாதனை.

ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரே மருந்து ஒருவருக்கு வேலை செய்கிறது, பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்குக் கைகொடுப்பதில்லை. ஏன் என்பதற்கு முழுமையான பதில் கிடைக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடும் இடங்களில் ஒன்றுதான் இந்தப் பன்றிப் பண்ணை.

எலிகளை வைத்துச் சோதித்தால் போதாதா?

ஆய்வகம் என்றாலே நம் மனதில் வருவது வெள்ளெலிதான். சின்ன உருவம், செலவு குறைவு, சுமார் மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். மெலனோமா ஆய்விலும் பல பத்தாண்டுகளாக எலிதான் ராஜா. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படும் ‘பி16’ என்ற மெலனோமா செல்கள், 1950-களில் ஓர் ஆய்வக எலிக்குத் தானாக வந்த கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த ஆலிசனின் யோசனையே 1996-ல் எலிகளில்தான் முதலில் நிரூபிக்கப்பட்டது. ஆகவே எலியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. எலியின் தோலும் மனிதனின் தோலும் ஒன்று இல்லை.

முதல் வித்தியாசம், மெலனோசைட் இருக்கும் இடம். மனிதனுக்கு இவை தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் பரவலாக இருக்கின்றன. மெலனோமா பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான். எலியின் உடம்பில் பெரும்பகுதி மெலனோசைட்டுகள் ரோமக் கால்களுக்குள் இருக்கின்றன. நோய் தொடங்கும் இடமே மாறிவிடுகிறது.

இரண்டாவது, தோலின் அமைப்பு. எலிக்குத் தோல் மெல்லியது, உடம்போடு ஒட்டாமல் தளர்வாக இருக்கும், அடர்த்தியான ரோமம் மூடியிருக்கும். காயம்பட்டால் தோல் சுருங்கி இழுத்து மூடிக்கொள்ளும். மனிதனுக்கோ பெரும்பாலும் புதிய தோல் செல்கள் வளர்ந்து வந்து மூட வேண்டும்.

மூன்றாவது, கட்டி உருவாகும் விதம். பல சோதனைகளில் கட்டி செல்களை ஊசி மூலம் எலியின் தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். அது சில வாரங்களிலேயே பெரிதாகிவிடும். மனிதக் கட்டியைச் செலுத்த வேண்டுமென்றால், அதை எலியின் உடம்பு நிராகரிக்காமல் இருக்க, எலியின் நோய் எதிர்ப்புச் சக்தியையே முடக்கிவிட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தியை வைத்துத்தான் சிகிச்சையே என்கிற காலத்தில், அது இல்லாத விலங்கில் எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் 2011 முதல் 2020 வரையிலான மருந்துச் சோதனைகளை அலசிய ஓர் அறிக்கையின்படி, மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனைக்கு வரும் புற்றுநோய் மருந்துகளில் சுமார் 5% மட்டுமே கடைசியில் அனுமதி பெறுகின்றன. அதாவது 20-ல் ஒன்று. மீதி 19-ம் ஆய்வகத்தில் நம்பிக்கை கொடுத்தவைதான். இந்தத் தோல்விக்கு எலி மட்டுமே காரணம் இல்லை. ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஒரு காரணம் என்பதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

பன்றித் தோல், மனிதத் தோல்... எவ்வளவு ஒற்றுமை?

பன்றிக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. சர்க்கரை நோயாளிகள் பல பத்தாண்டுகள் போட்டுக்கொண்டது பன்றி, மாட்டிலிருந்து எடுத்த இன்சுலின்தான். பன்றியின் இதய வால்வுகள் மனிதர்களுக்குப் பொருத்தப்படுகின்றன. 2022-ல் அமெரிக்காவில் மரபணு மாற்றப்பட்ட பன்றியின் இதயத்தையே ஒரு மனிதருக்குப் பொருத்திய செய்தி பலருக்கு நினைவிருக்கும். தீக்காயத்தை மூடத் தற்காலிகமாகப் பன்றித் தோலைப் பயன்படுத்துவதும் பழைய முறை.

தோல் விஷயத்தில் ஒற்றுமை இன்னும் நெருக்கம். மனிதத் தோலின் மேலடுக்கு சுமார் 50 முதல் 120 மைக்ரான் தடிமன். பன்றிக்கு 30 முதல் 140 மைக்ரான். (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பன்றிக்கும் ரோமம் குறைவு. தோல் அடிக்கொழுப்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். மெலனோசைட்டுகள் மேலடுக்கின் அடியில் இருக்கும். காயம் ஆறும் விதமும் நம்மைப் போலத்தான்.

காயம் ஆறுவது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டு 2001-ல் வெளியான ஒரு கட்டுரை, பன்றிகளில் கிடைத்த முடிவுகள் 78% அளவுக்கு மனிதர்களின் முடிவுகளோடு ஒத்துப்போனதாகச் சொன்னது. சிறிய பாலூட்டிகளில் அது 53% மட்டுமே.

எல்லாமே ஒன்று என்றும் சொல்ல முடியாது. மனிதனுக்கு உடம்பு முழுக்க வியர்க்கும், பன்றி அப்படி வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்வது இல்லை. பன்றித் தோலில் ரத்த ஓட்டமும் நம்மைவிடக் குறைவு.

அதென்ன மினி பன்றி?

பண்ணைப் பன்றி முழுதாக வளர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். அதை ஆய்வகத்தில் வைத்துப் பராமரிப்பதும், எடைக்கு ஏற்ப மருந்து கொடுப்பதும் பெரிய பாடு. புதிய மருந்து கிராம் கணக்கில்தான் கையில் இருக்கும். அதனால் சின்னப் பன்றி வேண்டும் என்ற தேவை வந்தது.

1949-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ஹார்மல் ஆய்வு நிறுவனம் இந்த வேலையைத் தொடங்கியது. சிறிய உருவம் கொண்ட காட்டுப் பன்றிகளைக் கலப்பினம் செய்து தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். 1960-களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் இந்த அமெரிக்க இனத்தோடு வியட்நாமின் தொந்திப் பன்றியைக் கலந்து இன்னும் சிறிய இனத்தை உருவாக்கியது. கோட்டிங்கன் மினி பன்றி வளர்ந்தாலும் 35 முதல் 45 கிலோதான். ஒரு பெரிய நாயின் எடை!

தோலில் தடவும் மருந்துகள் பாதுகாப்பானவையா என்று பார்க்க மினி பன்றிகள் இன்று வழக்கமாகப் பயன்படுகின்றன. முன்பு நாய்களிலும் குரங்குகளிலும் செய்த சில நச்சுத்தன்மைச் சோதனைகளும் இவற்றுக்கு மாறியிருக்கின்றன.

ஹார்மல் வழிவந்த பன்றிகளின் ஒரு கூட்டம் மிசௌரி பல்கலைக்கழகத்தின் சின்கிளேர் ஆய்வுப் பண்ணைக்கு வந்தது. அங்கேதான் எதிர்பாராத விஷயம் கண்ணில் பட்டது. சில குட்டிகள் பிறக்கும்போதே கருப்புக் கட்டிகளோடு பிறந்தன. 1974-ல் அங்குள்ள ஆய்வாளர்கள், ‘மனித மெலனோமாவை ஆராய இது ஒரு புதிய விலங்கு மாதிரி’ என்று அறிவித்தார்கள். யாரும் செல்களைச் செலுத்தவில்லை, ரசாயனம் பூசவில்லை. நோய் தானாக வந்தது, அடுத்த தலைமுறைக்கும் போனது.

1980-களின் இறுதியில் செக் நாட்டின் லிபெகோவிலும் இதேபோல் நடந்தது. அங்கே விலங்கு உடலியல், மரபியல் ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த மினி பன்றிகளில் சிலவற்றுக்கு மெலனோமா வந்தது. அவற்றை மட்டும் தனியாக இனப்பெருக்கம் செய்து ‘மெலிம்’ என்ற இனத்தை உருவாக்கினார்கள். பின்னர் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் இதே இனத்தை வளர்த்து ஆராய்ந்தார்கள்.

கட்டி எப்படி மறைகிறது?

விஞ்ஞானிகளை இத்தனை ஆண்டுகளாக இழுத்து வைத்திருக்கும் கேள்வி இதுதான்.

மெலிம் குட்டிகளின் தோலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் சிறிய துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தொடக்கத்தில் கட்டி முழுக்க கருப்பு மெலனோமா செல்கள். சில மாதங்கள் போனதும் வேறு செல்கள் உள்ளே வரத் தொடங்குகின்றன.

முதலில் பெருமளவில் வருபவை மேக்ரோஃபேஜ்கள். உடம்பின் துப்புரவுப் பணியாளர்கள் என்று இவற்றைச் சொல்லலாம். சிதைந்த செல்களையும் சிந்திய நிறமியையும் இவை விழுங்குகின்றன. கூடவே டி-செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் நுழைகின்றன. சிதையும் கட்டியின் இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. அதுதான் வெளியே தழும்பாகத் தெரிகிறது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. கட்டி மறையும்போது பன்றியின் தோலும் ரோமமும் வெளுக்கின்றன. கருப்புப் பன்றி திட்டுத் திட்டாக வெள்ளையாகிறது. ஏன்? நோய் எதிர்ப்புச் செல்கள், கருப்பு நிறமி செய்யும் செல் எதுவாக இருந்தாலும் தாக்கத் தொடங்கிவிடுகின்றன. கட்டியில் இருக்கும் மெலனோசைட் என்ன, சாதாரணத் தோலில் இருக்கும் மெலனோசைட் என்ன... இரண்டின் அடையாளமும் ஏறக்குறைய ஒன்றுதானே!

மனிதர்களிடமும் இது தெரிகிறது. இம்யூனோதெரபி எடுக்கும் மெலனோமா நோயாளிகள் சிலருக்குத் தோலில் வெண்புள்ளிகள் தோன்றும். அப்படித் தோன்றியவர்களுக்குச் சிகிச்சை நன்றாக வேலை செய்யும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து கொடுத்து மனிதனிடம் வரவழைப்பதை, பன்றியின் உடம்பு மருந்தே இல்லாமல் செய்கிறது.

எல்லாப் புகழும் நோய் எதிர்ப்புச் சக்திக்கே என்றும் முடித்துவிட முடியாது. சின்கிளேர் பன்றிகளில் நடந்த ஆய்வுகள் இன்னொரு சாத்தியத்தைக் காட்டின. குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற பகுதி உண்டு. செருப்புக் கயிற்றின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது தேயும். புற்றுநோய் செல்கள் வழக்கமாக இந்தத் தேய்மானத்தைத் தடுத்துச் சாகாமல் இருக்கும். மறையும் பன்றிக் கட்டிகளிலோ டெலோமியர் சுருங்கிப்போயிருந்தது. அதாவது கட்டியின் செல்களே வயதாகி ஓய்ந்துபோயிருக்கலாம். தாக்குதல் வெளியிலிருந்தா, தளர்ச்சி உள்ளிருந்தா, இரண்டும் சேர்ந்தா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

எல்லாக் குட்டிகளும் பிழைப்பதும் இல்லை. சிலவற்றுக்குக் கட்டி பரவி உயிரே போகிறது. ஆய்வாளர்களுக்கு இதுவும் முக்கியம். ஒரே இனம், ஒரே தீவனம், ஒரே பண்ணை. ஒரு குட்டி பிழைக்கிறது, இன்னொன்று இறக்கிறது. மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே டாக்டர்கள் கேட்கும் அதே கேள்வி!

மனிதர்களுக்கு இதுவரை என்ன பலன்?

பன்றியிலிருந்து நேரடியாக ஒரு மெலனோமா மருந்து வந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் வேறு வகையில் பயன்பட்டிருக்கிறது.

மெலனோமா பரவும்போது பெரும்பாலும் முதலில் போவது அருகில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்கு. அந்த ‘காவல் கணு’ எது என்று கண்டுபிடித்து எடுத்துப் பார்த்தால், நோய் பரவியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வழக்கமாக இதற்குக் கதிரியக்கப் பொருளைச் செலுத்த வேண்டும். அதற்குப் பதில், நுண்ணிய வாயுக் குமிழிகளைக் கட்டியைச் சுற்றிச் செலுத்தி அல்ட்ராசவுண்டில் பார்த்தால் என்ன? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தினர் மெலனோமா வந்த சின்கிளேர் பன்றிகளில் இதைச் சோதித்தார்கள். முறை வேலை செய்தது. 2004-ல் முடிவை வெளியிட்டார்கள்.

எலியில் இதைச் செய்திருக்க முடியுமா? கஷ்டம். 25 கிராம் எடையுள்ள விலங்கில் மனிதனுக்கான கருவியை வைத்துப் பார்க்க முடியாது. மினி பன்றிக்கு மருத்துவமனையில் இருக்கும் அதே ஸ்கேன், அதே கத்தி, அதே ஊசி போதும். ரத்தமும் திசுவும் ஒரே விலங்கிடம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்கலாம்.

மரபணுப் பக்கமும் வழி திறந்திருக்கிறது. பன்றியின் முழு மரபணு வரைபடம் 2012-ல் வெளியானது. 2015-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஆன்கோபிக்’ என்ற பன்றியை அறிமுகப்படுத்தினார்கள். மனிதப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் இரண்டு மரபணு மாற்றங்கள் அதன் உடம்பில் உறங்கிக்கொண்டிருக்கும். தேவைப்படும் உறுப்பில் மட்டும் அவற்றை எழுப்பிக் கட்டியை வரவழைக்கலாம்.

குறைகள் என்ன?

இந்தப் பன்றிகளைப் பற்றிப் படிக்கும்போது ‘கேன்சருக்குத் தீர்வு கிடைச்சாச்சு’ என்று நினைக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். குறைகளும் நிறையவே இருக்கின்றன.

ஒன்று, காரணமே வேறு. வெளிர்நிறத் தோல் உள்ளவர்களின் மெலனோமாவுக்குப் பெரிய காரணம் சூரியனின் புற ஊதாக் கதிர். மெலிம் குட்டிக்குக் கட்டி வருவது தாய் வயிற்றிலேயே, வெயிலைப் பார்ப்பதற்கு முன்பே. வெயிலால் மரபணு சிதைந்து பல ஆண்டுகள் கழித்து வரும் நோயை இதில் பார்க்க முடியாது.

இரண்டு, மரபணு. மனித மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் ‘பிராஃப்’ என்ற மரபணுவில் கோளாறு இருக்கும். அதைக் குறிவைத்துத் தனி மருந்துகளே உண்டு. மெலிம் பன்றிகளின் நோய்க்கு அந்தக் கோளாறு காரணம் இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து இந்த நோயைக் கொண்டுவருகின்றன. அதனால் அந்த மருந்துகளை இதில் சோதிப்பதில் பெரிய அர்த்தம் இல்லை.

மூன்று, வயது. மனிதனுக்கு இது பெரும்பாலும் நடுத்தர வயதிலும் முதுமையிலும் வரும் நோய். பன்றிக்கோ குட்டிப் பருவத்து நோய். வளரும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் வயதான உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் ஒன்றல்ல.

நான்கு, மறைவதே ஒரு சிக்கல். ஒரு மருந்தைக் கொடுத்த பிறகு கட்டி சுருங்கினால், அது மருந்தின் வேலையா, பன்றி தானாகவே குணமானதா என்று எப்படிச் சொல்வது?

ஐந்து, செலவும் நேரமும். மினி பன்றியின் கர்ப்பகாலம் சுமார் 114 நாட்கள். இடம் வேண்டும், தீவனம் வேண்டும், ஆட்கள் வேண்டும். எலிக்குக் கிடைப்பதுபோல ஆய்வு ரசாயனங்களும் பன்றிக்கு எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் உலகில் மிகச் சில ஆய்வகங்களே இந்த வேலையைச் செய்கின்றன.

பன்றிகள் எலிக்கு மாற்று இல்லை. எலியில் தேறிய ஒரு யோசனை மனிதனுக்குப் போவதற்கு முன், நடுவில் வைத்துப் பார்க்கும் படி என்பதுதான் சரியான பார்வை.

நோயோடு பிறக்கவைப்பது நியாயமா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. பன்றி புத்திசாலி விலங்கு. தனித்தனி முகங்களை அடையாளம் காணும், விளையாடும், பயப்படும். அதைப் புற்றுநோயோடுதான் பிறக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறோம். திசுக்களை ஆராய, கடைசியில் பெரும்பாலும் கொல்லவும் செய்கிறோம்.

ஆதரிப்பவர்கள் சொல்வது: ஆண்டுக்கு 58,000-க்கும் மேற்பட்டோர் இறக்கும் நோய் இது. சரிவரச் சோதிக்காத மருந்தை நேரடியாக மனிதனுக்குக் கொடுப்பதும் கொடுமைதான். தவிர, மினி பன்றியில் பலமுறை அளந்து பார்க்க முடிவதால் மொத்த விலங்குகளின் எண்ணிக்கை குறையும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது: இத்தனை குறை இருக்கும் மாதிரிக்காக இத்தனை வலி தேவையா? மனிதத் திசுவிலிருந்தே ஆய்வகத்தில் தோலை வளர்க்கலாம். சிப்பில் உறுப்புகளை உருவாக்கலாம். கணினியில் கணக்கிடலாம்.

சட்டங்களும் இந்தப் பக்கம் நகர்கின்றன. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற பழைய விதியை நீக்கும் சட்டத்தில் 2022 டிசம்பரில் அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன் கையெழுத்திட்டார். 2025 ஏப்ரலில், ‘மோனோகுளோனல் ஆன்டிபாடி’ வகை மருந்துகளில் தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. புதிய மெலனோமா மருந்துகள் பலவும் இந்த வகைதான். இந்தியாவும் 2023 மார்ச்சில் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்கு அல்லாத முறைகளுக்கு இடம் கொடுத்தது.

அப்படியென்றால் மெலிம் பண்ணைகளை மூடிவிடலாமா? இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த தோலில் மருந்து எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்க்கலாம், எரிச்சல் வருமா என்று பார்க்கலாம். ஆனால் கட்டி மறையும் சம்பவத்தில் பங்கெடுப்பது தோல் மட்டும் இல்லை. ரத்தம், நிணநீர்க் கணு, எலும்பு மஜ்ஜை, பல வகைச் செல்கள் என்று மொத்த உடம்பும் மாதக்கணக்கில் சேர்ந்து செய்யும் வேலை அது. அதை முழுமையாகப் பிரதிபலிக்கும் சிப் இன்னும் வரவில்லை.

ஆகவே கேள்வியை இப்படிக் கேட்பதுதான் நேர்மை: இந்தச் சோதனைக்கான பதில் வேறு வழியில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் பன்றி தேவையில்லை. மருந்து எரிச்சல் தருமா என்று பார்க்கப் பன்றியைப் பயன்படுத்துவதும், புற்றுநோய் ஏன் தானாக மறைகிறது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. முதலாவதுக்கு மாற்று வந்துகொண்டிருக்கிறது. இரண்டாவதுக்கு, இப்போதைக்கு, அந்தக் குட்டிகளிடம்தான் விடை இருக்கிறது.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

பன்றிக்குட்டிக்குத் தானாக மறைகிறது என்பதற்காக, நம் தோலில் வரும் கட்டியும் மறைந்துவிடும் என்று காத்திருக்கவே கூடாது. மனித மெலனோமா முழுசாகத் தானாக மறைவது மிக மிக அபூர்வம். சில நேரங்களில் தோலில் இருக்கும் கட்டி வெளுத்துப்போன பிறகும், உள்ளே வேறு உறுப்பில் நோய் பரவியிருப்பது தெரியவந்திருக்கிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

* மச்சத்தின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பது
* ஓரம் ஒழுங்கில்லாமல் இருப்பது
* ஒரே மச்சத்தில் பல நிறங்கள்
* 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம்
* அளவிலோ நிறத்திலோ மாற்றம், அரிப்பு, ரத்தக்கசிவு
* உள்ளங்கால், உள்ளங்கையில் புதிதாகத் தோன்றும் கருப்புத் திட்டு
* அடிபடாமலே நகத்தில் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கருப்புக் கோடு

இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. எல்லாமே கேன்சராக இருக்காது. ஆனால் தோலைத் தாண்டாத நிலையிலேயே கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்குப்படி 5 ஆண்டுகள் உயிர்வாழும் வாய்ப்பு 99%-க்கும் மேல். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது சுமார் 35% ஆகக் குறைந்துவிடுகிறது.

குளிக்கும்போது முகத்தையும் கையையும் பார்க்கிறோம். வாரத்தில் ஒரு நாள் உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.